தோட்டத்துப் பாட்டு அழுகைப் பாட்டுத்தானா?

கேள்வி: ப்ளூஸ், கன்ட்ரி பாடல்களை விரும்பிக் கேட்பவன் நான். ஒரே பாட்டில் சிரிப்பு, ஏக்கம், கோபம் எல்லாம் வருகின்றன. எங்கள் மலையகத் தோட்டப் பாடல்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மட்டும் ஏன் கண்ணீரோடு நின்றுவிடுகிறார்கள்?
- வாசகர், தெஹியோவிட்ட

பதில்: குறை பேசுகிறவர்களிடம்தான், தம்பி. இருநூறாண்டுத் துயரத்தைச் சொல்ல மேடைக்கு ஒரு பாட்டு தேவைப்படுகிறது. உருக்கமானதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுகிறார்கள். சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ நூலைப் புரட்டிப் பாருங்கள். காதலும் கேலியும் தாலாட்டும் அதில் உண்டு.

ஒப்பாரியையே எடுத்துக்கொள்வோம். தாய் இறந்த வீட்டில் மகள் பாடுவது வெறும் அழுகையா? இனிப் பிறந்த வீட்டில் தனக்கு என்ன மதிப்பு என்று கேட்பாள். அண்ணிக்கு ஒரு குத்து, சீர் செய்யாத அண்ணனுக்கு ஒரு குத்து. மற்ற நாளில் வாய்விட்டுச் சொன்னால் சண்டையாகும் பேச்சு அது. சாவு வீட்டில் ராகத்தோடு வந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள். துக்கம் அவளுக்கு ஒரு அனுமதிச்சீட்டு.

ப்ளூஸிலும் இதே சூட்சுமம்தான். பெரும்பாலும் முதல் அடியை இரண்டு முறை பாடி, மூன்றாம் அடியில் பதிலை வைப்பார்கள். அந்த மூன்றாம் அடி அழவைக்கும், சில நேரம் குறும்பாகக் கண்ணடிக்கும். ரயில் பாதையில் வேலை பார்த்த கன்ட்ரி பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் தன்னைத் தின்ற காசநோயையே 1931இல் பாட்டாக்கினார். 1933இல் அந்த நோயிலேயே இறந்தார்.

நம் பக்கம் பாட்டு போராட்டத்துக்கும் போனது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிற்சங்கக் கூட்டங்களில் பாடினார். இலங்கையில் இந்தியர் படும் பாட்டைப் பற்றிய அவரது பாடல்கள் 1940இல் நூலாகவும் வந்தன. தப்பு மேளமும் அப்படித்தான். காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டதும், பிணத்துக்கு முன்னால் போனதும், காமன் கூத்தில் ஆடவைத்ததும் அதே தோல்தான். அடிதான் வேறு.

ரப்பர் தோட்டங்கள் உள்ள உங்கள் பகுதிக்கு இன்னொரு சங்கதியும் உண்டு. கொழுந்து மலையில் பெண்கள் நிரையாக நிற்பதால் ஒருத்தி எடுத்த பாட்டுக்கு இன்னொருத்தி பதில் பாடலாம். ரப்பர் பால் நன்றாக ஓடுவது விடியற்காலையில்; வெயில் ஏறினால் குறைந்துவிடும். அவரவர் மரங்களை அவரவர் வேகமாக வெட்டிப் போக வேண்டியிருப்பதால் எதிர்ப்பாட்டுக்கு அங்கே இடம் குறைவு. ஆகவே ரப்பர் தோட்டத்துப் பாட்டைத் தேட வேண்டிய இடம் லய வீடுகளும் கோயில் வாசலும்தான் என்பது என் கணிப்பு.

உங்கள் கையில் போன் இருக்கிறது. அப்பாயியிடமோ அம்மாயியிடமோ உட்கார்ந்து பதிவுசெய்யுங்கள். ஒப்பாரியைக் கேட்டு ஆரம்பிக்காதீர்கள். கங்காணியைக் கேலி செய்த பாட்டு, மச்சானைச் சீண்டிய பாட்டு என்று கேளுங்கள். பெரிய ஆம்பளைகள் பக்கத்தில் இருந்தால் அவை வெளியே வராது. யார், எப்போது, எதற்காகப் பாடியது என்பதையும் அதே பதிவில் சொல்லச் சொல்லுங்கள்.