மைக்கைத் திறக்காத முதல் செமஸ்டர்



2020 அக்டோபரில் என் பெட்டி தயாராக இருந்தது. வாளி, தலையணை, அம்மா கட்டிக் கொடுத்த இரண்டு டின் முறுக்கு எல்லாம் வாசலில். அக்டோபர் 2ஆம் தேதி, புதிய மாணவர்கள் நேரில் வந்து பதிவு செய்வதைத் தள்ளிவைக்கும்படி உயர்கல்வி அமைச்சு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது. பொறியியல் படிப்பின் முதல் ஆண்டை, புந்தோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் படித்து முடித்தேன்.

2021 அக்டோபர் 15 முதல், மாணவர்கள் கட்டங்கட்டமாக வளாகத்துக்குத் திரும்பினார்கள். நானும் அந்தப் பெட்டியைத் தூசி தட்டினேன். வீட்டிலிருந்தே படிப்பைத் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

ஆன்லைன் படிப்பு என்றாலே லைன் பிரச்சினையைத்தான் பேசுவோம். அது பொய்யில்லை. 2020 ஜூனில் சபாவின் பித்தாஸ் பகுதியில் வெவியோனா மொசிபின் என்ற மாணவி, தேர்வு எழுத லைன் தேடி மரத்தில் ஏறித் தங்கியதை நாடே பார்த்தது. எனக்கோ வீட்டிலேயே லைன் இருந்தது. இருந்தும் தடுமாறினேன். காரணம், நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

புந்தோங் கச்சாங் பூத்தே உங்களுக்குத் தெரியும். அம்மாவும் முறுக்கு சுட்டுக் கடைகளுக்குக் கொடுக்கிறார். மைக்கைத் திறந்தால் எண்ணெய்ச் சட்டி சத்தம், பக்கத்தில் தங்கையின் வகுப்பு, எல்லாம் கேட்கும். வெட்கப்பட்டு மைக்கை மூடியே வைத்தேன்.

மூன்றாவது வாரம் ஸ்டேட்டிக்ஸ் பாடத்தில், ஒரு முனை மட்டும் சுவரில் பதிந்த உத்திரம் வந்தது. சுவர் அதன்மேல் செலுத்தும் எதிர்விசைகளை வரைய வேண்டும். கிடையாக ஒன்று, செங்குத்தாக ஒன்று என இரண்டு அம்புக்குறி போட்டேன். விரிவுரையாளர் மூன்றாவதாக வளைந்த அம்புக்குறி ஒன்றும் போட்டார். ஏன் என்று புரியவில்லை. 'அப்புறம் ரெக்கார்டிங் பார்த்துக்கலாம்' என்று விட்டுவிட்டேன். ரெக்கார்டிங்கிலும் அவர் அதையேதான் சொன்னார். அதனிடம் 'ஏன்?' என்று கேட்க முடியாதே! பின்னால் வந்த பாடங்கள் பலவும் அந்த அம்புக்குறியை நம்பியே நின்றன. இடைத்தேர்வில் 100க்கு 31 வாங்கினேன்.

பாயிண்டர் 2.00க்குக் கீழே போனால் பிடிபிடிஎன் கடனே ஆட்டம் காணும். பயத்தில் அம்மாவிடம் சொன்னேன்.

"தெரியலனா கேட்க வேண்டியதுதானேடா? சத்தம்தான் பிரச்சினைனா, அடுப்ப அணைச்சிருப்பேனே" என்றார்.

அன்றிரவே ஒரு சீனியர் அக்காவிடம் கேட்டேன். "தம்பி, பாரத்தை உத்திரத்தோட நுனியில வை. வெறும் இரண்டு விசை மட்டும் இருந்தா அது சுத்திக் கீழே விழுந்துடும். விழாம யார் பிடிக்கிறா? சுவர்தானே? அந்தப் பிடிதான் வளைஞ்ச அம்பு" என்றார். ஐந்து வாரம் சுமந்த பாரம் இரண்டே நிமிடத்தில் இறங்கியது.

நம் உபநிடதங்களில் ஒன்றின் பெயரே பிரச்ன உபநிடதம். பிரச்னம் என்றால் கேள்வி. ஆறு மாணவர்கள் பிப்பலாத முனிவரிடம் வருகிறார்கள். 'ஓராண்டு ஒழுக்கத்தோடு இங்கே தங்குங்கள், பிறகு விரும்பியதைக் கேளுங்கள்' என்கிறார் அவர். ஆறு பேரும் ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். கீதையின் 4ஆம் அத்தியாயம் 34ஆம் சுலோகமும், ஞானம் பெறும் வழியாகப் பணிவோடும் தொண்டோடும் கேள்வியையும் சேர்த்தே சொல்கிறது. அப்படியானால், கேட்பது மரியாதைக் குறைவு இல்லை, மாணவனின் கடமை.

வளாகத்தில் பக்கத்து நாற்காலிக்காரன் கேட்கும் கேள்வி தானாகவே நம் காதில் விழும். வீட்டில் அது விழாது. அதை நாம்தான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். நான் பிறகு கடைப்பிடித்த வழிகள் இவை:

1. வகுப்பு முடிந்ததும் புரியாததை ஒரே வரியில் எழுதுங்கள். 'ஒண்ணுமே புரியல' என்று எழுதாதீர்கள். எந்த வரி, எந்தக் குறி என்று எழுதுங்கள்.

2. அன்று இரவுக்குள் கேட்டுவிடுங்கள். மைக் முடியாவிட்டால் எழுத்தில் கேளுங்கள். நீங்கள் போட்டுப் பார்த்த கணக்கையும் படம் எடுத்து அனுப்புங்கள். எங்கே வழுக்கினீர்கள் என்பது பார்ப்பவருக்கு உடனே தெரியும்.

3. ஐந்தாறு பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை பேசுங்கள். ஆளுக்கொரு கேள்வி கட்டாயம். வீடியோவை அணைத்துவிட்டால் டேட்டாவும் மிச்சம்.

4. வகுப்பு அட்டவணையைச் சமையலறையில் ஒட்டுங்கள். எந்த நேரம் அமைதி வேண்டும் என்று சொன்னால்தான் வீட்டாருக்கும் தெரியும்.

கடைசியில் ஸ்டேட்டிக்ஸில் 'பி' வாங்கினேன். பெரிய சாதனை இல்லை, ஆனால் கடன் நிற்கவில்லை. அதுவரை குரலாக மட்டுமே தெரிந்த ஐந்து நண்பர்களைப் பிறகு நேரில் பார்த்தேன். அந்த முறையும் பெட்டியில் முறுக்கு இருந்தது.

சிந்திக்க: இந்த வாரம் நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி எது? அதை இன்று இரவு யாரிடம் கேட்பீர்கள்?