சளி போன பின்னும் அடைத்திருக்கும் காது

கேள்வி: ஜலதோஷம் விட்டு ஒரு வாரம் ஆன பிறகும் ஒரு காது மட்டும் அடைத்தே இருப்பது ஏன்? அது தானாகத் திறக்குமா?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: செவிப்பறைக்குப் பின்னால் இருக்கும் நடுச்செவி, காற்று நிரம்பிய சிறிய அறை. அதை மூக்கின் பின்பகுதியோடு இணைப்பது சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். 16-ஆம் நூற்றாண்டில் அதை விரிவாக விவரித்த இத்தாலிய உடற்கூறியலாளர் பார்த்தலோமியோ யூஸ்டேக்கியின் பெயரால் அது யூஸ்டேஷியன் குழாய் எனப்படுகிறது. பெரும்பாலான நேரம் மூடியே இருக்கும் இந்தக் குழாய், எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறந்து, உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை வெளியழுத்தத்தோடு சமப்படுத்துகிறது. விழுங்கும்போது காதுக்குள் கேட்கும் மெல்லிய 'டிக்' அது திறக்கும் ஓசை.

சளி பிடித்தால் மூக்கின் உட்சவ்வு போலவே குழாயின் உட்சவ்வும் வீங்கிக்கொள்கிறது. புதுக்காற்று உள்ளே போக வழியில்லை. இருக்கும் காற்றையோ நடுச்செவியின் சவ்வு உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. அழுத்தம் குறைய, செவிப்பறை உள்பக்கமாக இழுபட்டு விறைத்து, சரியாக அதிர முடியாமல் போகிறது. இது நீடித்தால் சவ்விலிருந்து நீர் கசிந்து நடுச்செவியில் தேங்கும். அப்போது கேள்திறன் பொதுவாக 20 முதல் 30 டெசிபல் வரை குறையும். கிசுகிசுப்பு காதில் விழாது, எதிரே பேசுபவர் பானைக்குள்ளிருந்து பேசுவது போல இருக்கும். சொந்தக் குரல் எலும்பு வழியாக உள்செவியை அடைவதால் அது மட்டும் பெரிதாக முழங்கும்.

மூக்கு திறந்த பிறகும் குழாயின் வீக்கம் வடியச் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு வாரங்களில் 'டப்' என்று காது திறந்துவிடும். நீர் தேங்கியிருந்தால் சில வாரங்கள் ஆகலாம். குழந்தைகளின் குழாய் குட்டையாகவும் படுக்கைவாட்டிலும் இருப்பதால் அவர்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும். நீர் வற்ற மூன்று மாதம்கூட ஆவதுண்டு. சளியோடு திருமலைக்குப் பேருந்தில் போய் வருபவர்களுக்கு, ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் அடைப்பு அதிகமாகும். வெளியழுத்தம் கூடக் கூட, வீங்கிய குழாய் இன்னும் இறுகிவிடுவதே காரணம்.

கேள்வி: காதில் எண்ணெய் விடுவது, ஆவி பிடிப்பது, மாத்திரை போடுவது இவற்றில் எது பலன் தரும்?
– வாசகர், கவரைப்பேட்டை

பதில்: அடைப்பு இருப்பது செவிப்பறைக்குப் பின்னால். வெளியிலிருந்து விடும் எண்ணெயோ பூண்டுச் சாறோ அங்கே போய்ச் சேராது. பறையில் ஓட்டை இருந்தால் மட்டும் உள்ளே போகும். அது கிருமித் தொற்றுக்கு வழிவிடும். பட்ஸும் ஊக்கும் காதின் அழுக்கை மேலும் உள்ளே தள்ளும். தலைக்குக் குளித்தவுடன் சட்டென்று காது அடைத்தால் அது பெரும்பாலும் நீரில் ஊறிப் பருத்த அழுக்கு. காதுக்குள் பார்க்கும் கருவியால் டாக்டர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஆவி பிடித்தால் மூக்குக்கு இதமாக இருக்கும்; குழாயைத் திறக்கும் அளவுக்கு அது பலன் தரும் என்று நம்ப முடியாது. அடிக்கடி எச்சில் விழுங்குவதும், சூயிங்கம் மெல்லுவதும், கொட்டாவி விடுவதும் குழாயைத் திறக்க உதவும். வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு மெதுவாகக் காற்றை ஊதிப் பார்க்கலாம். காதுவலியோ கெட்டியான மஞ்சள் சளியோ இருக்கும்போது இதைச் செய்யக் கூடாது, எப்போதும் பலமாக ஊதவும் கூடாது. மூக்கடைப்பை நீக்கும் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் விட்டால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். மருந்துக்கடையில் வாங்கும் சளி மாத்திரைகள் பல தூக்கத்தை வரவழைப்பவை. இயந்திரத்தருகே வேலை செய்பவர்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவது ஆபத்து. காய்ச்சலோ வலியோ சீழோ இல்லாத வெறும் நீர்க்கோவைக்கு ஆன்டிபயாடிக் தேவைப்படுவதில்லை.

கேள்வி: சிப்காட்டில் ரோலிங் மில் வேலை. காது மந்தமானது சளியாலா, மில் இரைச்சலாலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: சளியால் வரும் அடைப்பு விழுங்கும்போது கூடும், குறையும், 'டப்' என்று திறந்து மறுபடி மூடும். இரைச்சலால் வரும் மந்தம் அப்படி மாறாது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வரும்போது காதில் 'கொய்ங்' என்ற சத்தத்தோடு இருக்கும், ஓய்வெடுத்தால் தெளியும். இது பல முறை நடந்தால் உள்செவியின் மயிரணுக்கள் மடிந்து மந்தம் நிலைத்துவிடும். மடிந்த அணுக்கள் மறுபடி முளைப்பதில்லை. பெரும்பாலும் இரண்டு காதுகளையும் பாதிக்கும் இந்தக் குறை, 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளில் தொடங்கும். அதனால் பேச்சு கேட்கும், சொல் புரியாது.

இந்தியத் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேர வேலைக்கு இரைச்சல் வரம்பு 90 டெசிபல். 95 டெசிபலுக்கு நான்கு மணி நேரம், 100-க்கு இரண்டு மணி நேரம். இரைச்சலால் வரும் காது மந்தம் 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாகச் சேர்க்கப்பட்ட ஒன்று.

காதுதான் அடைத்திருக்கிறதே என்று இயர் பிளக்கைக் கழற்றி வைப்பது தவறு. அடைப்பு எந்த நிமிடமும் திறந்துகொள்ளும். இன்னொரு காதுக்கோ எந்தக் காப்பும் இல்லை. பஞ்சு போன்ற பிளக்கை விரல்களால் மெல்லிசாக உருட்டி, எதிர்க் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். காதில் சீழ் வடிந்தால் பிளக்குக்குப் பதில் இயர் மஃப். ஒரு காது மந்தமானால் கிரேன் மணி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது. சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனகிப் பார்ப்பது எளிய சோதனை. ஒலி அடைத்த காதில் பெரிதாகக் கேட்டால் நடுச்செவி அடைப்போ அழுக்கோ இருக்கலாம். நல்ல காதில் பெரிதாகக் கேட்டால் உள்செவியோ நரம்போ பாதிக்கப்பட்டிருக்கலாம். மூன்று நாளுக்குள் ஒரு காது திடீரென மந்தமாவது அவசர நிலை. அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். கடும் வலி, சீழ், தலைசுற்றல், முகக்கோணல் இருந்தாலும் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு காதில் மட்டும் நீர் பல வாரம் நின்றால் மூக்கின் பின்பகுதியையும் சோதிப்பார்கள். அங்கே வளரும் கட்டி குழாயை அடைப்பதுண்டு.

முதல் பரிசோதனைக்குக் கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனை, ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு அவர்களுக்குரிய ஈ.எஸ்.ஐ. மருந்தகம். மேல்சிகிச்சைக்கு 2022-இல் திறக்கப்பட்ட திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கோ, மின்சார ரயிலில் போய் சென்ட்ரலில் இறங்கினால் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கோ செல்லலாம். ஆடியோகிராம் எடுத்தால் குறை நடுச்செவியிலா உள்செவியிலா என்பது தெரிந்துவிடும். இரைச்சலில் வேலை செய்பவர்கள் அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி, ஆண்டுதோறும் எடுக்கும் புதிய தாளோடு ஒப்பிட வேண்டும். பின்னாளில் இழப்பீடு கேட்க நேர்ந்தாலும் அதுவே முக்கியமான ஆவணம்.