உப்பளத்துக்கு ஒன்று, கூத்துக்கு ஒன்று

அன்புள்ள நண்பருக்கு,

கடிதமும் படங்களும் வந்துசேர்ந்தன. தூத்துக்குடி உப்பளங்களையும் தெருக்கூத்து இரவுகளையும் கருப்பு வெள்ளையில் எடுத்திருக்கிறீர்கள். கண்காட்சிக்கு அச்சிட, பருத்திக் காகிதங்களில் எது சிறந்தது என்று கேட்கிறீர்கள். ஒரு பெயரைச் சொல்லிக் கடிதத்தை முடிக்க முடியவில்லை. உங்கள் படங்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றன.

முதலில் பருத்தி எதற்கு என்று பார்த்துவிடுவோம். பஞ்சு எடுத்த பிறகும் விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழைதான் இந்தக் காகிதங்களுக்குப் பெரும்பாலும் மூலப்பொருள். கிட்டத்தட்ட சுத்தமான செல்லுலோஸ். மரத்தில் இருக்கும் லிக்னின் இதில் இல்லை என்றே சொல்லலாம். அதனால் சீக்கிரம் பழுப்பேறாது, நொறுங்காது. நாம் கூடுதல் விலை கொடுப்பது இந்த ஆயுளுக்கும், கையில் எடுத்ததும் தெரிகிற அந்தக் கனத்துக்கும்தான். ஆனால் இங்க்ஜெட் மை தங்குவது இழையில் அல்ல, அதன்மேல் பூசியிருக்கும் மெல்லிய பூச்சில். கருப்பு எவ்வளவு ஆழமாக விழும், சாம்பல் நிறங்கள் எப்படிப் பிரியும் என்பதெல்லாம் அந்தப் பூச்சின் கையில் இருக்கிறது. ஆகவே பருத்திக் காகிதங்களை ஒப்பிடுகிறோம் என்றால் பூச்சுகளை ஒப்பிடுகிறோம் என்றே பொருள்.

பூச்சில் இரண்டு குடும்பங்கள். ஒன்று மினுமினுப்பில்லாத மேட். ஜெர்மனியின் ஹானமூலே தயாரிக்கும் ஃபோட்டோ ராக் 308 ஜிஎஸ்எம், கான்சன் நிறுவனத்தின் ராக் ஃபோட்டோகிராஃபிக் 310 ஜிஎஸ்எம் இரண்டும் இந்த வகை. மற்றொன்று, பழைய இருட்டறைக் காகிதத்தின் மெல்லிய பளபளப்பை மீட்டுத் தருவது. ஹானமூலேயின் ஃபோட்டோ ராக் பரைட்டா 315 ஜிஎஸ்எம், கான்சனின் பிளாட்டின் ஃபைபர் ராக் 310 ஜிஎஸ்எம் இந்தப் பக்கம். நான்கும் முழுப் பருத்தி. ஆனால் மேட் காகிதத்தின் அடர்கருப்பின் ஒளியடர்த்தியை அளந்தால் 1.6, 1.7 அளவில் நிற்கும். பளபளப்பு வகை 2.3-ஐத் தொடும், சில சமயம் தாண்டும். இது மடக்கைக் கணக்கு என்பதால் வித்தியாசம் சிறிதாகத் தெரிகிறது. மேட் கருப்பில் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குக்குமேல் திரும்பி வரும். மற்றதில் அரைப்பங்குதான் வரும்.

உங்கள் கூத்துப் படங்களுக்கு அந்த அரைப்பங்கு இருட்டு தேவை. கட்டியங்காரனின் முகத்தில் மட்டும் வெளிச்சம் விழ, பின்னால் ஊரே இருளில் மறைந்திருக்கும் அந்தப் படத்தை மேட்டில் போட்டால் இரவு கரும்பலகை நிறத்துக்கு வெளுத்துவிடும். அதைத் தயங்காமல் பரைட்டாவில் போடுங்கள். ஒரு எச்சரிக்கை: அதன் மேற்பரப்பு எளிதில் கீறும். அச்சிட்டதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். இடையில் அமிலமில்லாத தாள் வையுங்கள்.

உப்பளம் வேறு. அங்கே உயிர் வெள்ளையில் இருக்கிறது: உப்புக்குவியல், பாத்தி நீர், வெயிலில் வெளிறிய வானம், மூன்றும் மூன்று வெள்ளை. இதை மேட் காகிதம் அமைதியாகப் பிரித்துக் காட்டும். பளபளப்பு குறுக்கே வராது. இங்கே காகிதத்தின் சொந்த வெள்ளைதான் படத்தின் உச்ச வெள்ளை என்பதால் அதைக் கவனித்தே ஆகவேண்டும். சில காகிதங்களில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் சேர்க்கிறார்கள். அது புற ஊதா ஒளியை வாங்கி நீலமாக உமிழ்ந்து காகிதத்தை வெளேரென்று காட்டும். ஜன்னலோரத்தில் ஒரு வெள்ளை, புற ஊதாவைத் தடுக்கும் கண்ணாடிக்குள் இன்னொரு வெள்ளை. வருடங்கள் போகப்போக அந்த வீரியமும் குறையும். ஃபோட்டோ ராக்கில் இது கொஞ்சம் உண்டு, ராக் ஃபோட்டோகிராஃபிக்கில் கிடையாது. கடைகளில் கள்ளநோட்டு பார்க்க வைத்திருக்கும் ஊதா விளக்கை இருட்டில் காகிதத்தின்மேல் பிடித்துப் பாருங்கள். நீலமாக ஒளிர்ந்தால் சேர்த்திருக்கிறார்கள்; மங்கலாகக் கிடந்தால் இல்லை. உப்பளத்துக்கு நான் ராக் ஃபோட்டோகிராஃபிக்கைத்தான் எடுப்பேன். அதன் வெள்ளையில் இளஞ்சூடு இருக்கிறது, உப்புக்கு அது பொருந்துகிறது, பத்து வருடம் கழித்தும் பெரிதாக மாறாது என்ற நிம்மதியும் உண்டு.

மேட்டில் அச்சிடும்போது நிழல் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். திரையில் தெரிகிற வேட்டி மடிப்பு காகிதத்தில் காணாமல் போகும். அச்சுக்கான பிரதியில் நிழல்களை மட்டும் சற்றுத் தூக்கி வையுங்கள். மேட் கருப்பு மையும் ஃபோட்டோ கருப்பு மையும் வெவ்வேறு. பிரிண்டரில் காகித வகையைத் தவறாகக் கொடுத்தால் நல்ல காகிதமும் சாம்பல் பூத்துத்தான் வரும். இன்னொன்று, சாதாரணக் கண்ணாடி போட்டுச் சட்டமிட்டால் கண்ணாடியின் பிரதிபலிப்பே கருப்பின் ஆழத்தைக் கணிசமாகத் தின்றுவிடும். கூத்துப் படங்களைக் கண்ணாடியில்லாமலோ, பிரதிபலிப்பு குறைத்த கண்ணாடியிலோ மாட்ட முடியுமா என்று பாருங்கள்.

ஐப்பசி மழையில் அச்சிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பருத்தி ஈரத்தை உறிஞ்சும், ஓரம் அலைஅலையாக எழும், பிரிண்டரின் தலை அதில் உரசிக் கருங்கோடு இழுக்கும். உறையைப் பிரித்தபின் மிச்சத்தை உடனே ஒட்டிவையுங்கள். பிரிண்டரில் தடித்த காகிதத்துக்கான இடைவெளியைத் தேர்ந்தெடுங்கள். அச்சிடுமுன் மென்மையான அகலத் தூரிகையால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். தளர்ந்த இழைத்துகள் மேலே இருந்தால் மை அதன்மேல் விழும். பிறகு அது உதிரும்போது கருப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளி நிற்கும். கூத்துப் படத்தில் அதை மறைக்க வழியே கிடையாது.

முழு அளவுக்குப் போகுமுன் இரண்டு வகையிலும் ஏ4 பொதி ஒன்று வாங்கி, ஒரு உப்பளத்தையும் ஒரு கூத்தையும் இரண்டிலும் போட்டு, ஒரு நாள் உலரவிட்டுப் பாருங்கள். கண்காட்சிக் கூடத்தில் என்ன விளக்கு, ஜன்னல் வெளிச்சம் எந்தச் சுவரில் விழுகிறது என்று விசாரித்து எழுதினால், எந்தப் படத்தை எங்கே மாட்டலாம் என்பதையும் சேர்ந்து யோசிக்கலாம்.

அன்புடன்.