பழகிய பாத்திரத்தில் நஞ்சு
சிறு குழந்தைகள் உள்ள இல்லங்களுக்குக் கூறவேண்டியவை

சிறு குழந்தை நஞ்சைத் தேடிச் சென்று உண்பதில்லை. நாள்தோறும் தனக்குத் தண்ணீரும் பாலும் தந்து பழகிய பாத்திரத்தில் ஒரு நாள் வேறொரு பொருள் இருக்கிறது. அதனை அது குடித்துவிடுகிறது. வீட்டில் நேரும் நஞ்சு விபத்துகளில் பெரும் பகுதியை இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கிவிடலாம். ஆகையால், நச்சுப் பொருள்களின் பெயர்களைத் தாய்மார்களுக்கு ஒப்பித்துக் காட்டுவதைவிட, எந்தப் பொருள் எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது என்று பார்க்கப் பழக்குவதே கள ஊழியர்களும் ஆசிரியர்களும் செய்யத்தக்க பணியாகும்.

இதற்கு மண்ணெண்ணெயைப் போல் தெளிவான உதாரணம் வேறில்லை. நம் நாட்டில் குழந்தைகளுக்கு நேரும் நஞ்சு விபத்துகளில் அது பல பத்தாண்டுகள் முன்வரிசையில் இருந்துவந்தது. நியாய விலைக் கடையில் அளந்து தரும் மண்ணெண்ணெய்க்கு அடையாளமாக நீல நிறம் ஊட்டுவார்கள். வெளிச்சந்தையில் விற்கும் வெள்ளை மண்ணெண்ணெயோ பார்வைக்குத் தண்ணீரேதான். இரண்டையும் வீட்டுக்குக் கொண்டுவர உதவியது பெரும்பாலும் பழைய குளிர்பானக் குப்பி அல்லது குடிநீர்க் குப்பி. அடுப்பில் ஊற்றுவதற்காகத் தம்ளரில் எடுத்து வைத்ததைக் குழந்தை எடுத்துக் குடித்த நிகழ்ச்சிகள் எண்ணற்றவை. வெயிற்காலத்தில் இவை மிகுதி. தாகமே அதற்குக் காரணம்.

2016-ஆம் ஆண்டில் தொடங்கிய உஜ்வலா திட்டத்தினாலும் மின்சாரம் பரவியதாலும் மண்ணெண்ணெயின் பயன் வெகுவாகக் குறைந்துவிட்டது. தலைநகர் தில்லி 2014-இலேயே மண்ணெண்ணெய் அற்ற நகரமாக அறிவிக்கப்பட்டது. எனினும் அபாயம் வீட்டை விட்டு முற்றிலும் வெளியேறிவிட்டதெனக் கருதுவதற்கில்லை. சுவரில் உள்ள மின்செருகியில் மாட்டும் கொசுவிரட்டித் திரவக் குப்பிகள் பலவற்றில், மணம் நீக்கிய மண்ணெண்ணெயே பூச்சிக்கொல்லியைக் கரைத்து வைத்திருக்கும் ஊடகம். வண்ணப் பூச்சைக் கரைக்கும் தின்னர், டர்ப்பன்டைன் ஆகியவையும் இதே இயல்பினவே. அடுப்படியை விட்டுச் சென்றது படுக்கையறைக்கு வந்திருக்கிறது என்று கூறலாம். மேலும், மின்செருகிகள் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அமைந்துள்ள வீடுகளில் அக்குப்பி தவழும் குழந்தையின் கண்மட்டத்திலேயே இருக்கிறது.

குழந்தையின் வயதையும் கருதவேண்டும். எட்டு, ஒன்பது மாதங்களில் அது தவழ்கிறது. ஏறத்தாழ ஒன்பது, பத்து மாதங்களில் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் சிறு பொருளைக் கிள்ளி எடுக்கக் கற்றுக்கொள்கிறது. ஒன்றரை வயதில் மோடாவின் மேலும் மூட்டையின் மேலும் ஏறுகிறது. கையில் கிடைத்ததை வாயில் வைத்து அறிவது அதன் இயல்பு, குறும்பு அன்று. நெடி வீசும் பொருளைப் பெரியவர்கள் உடனே விலக்குவார்கள். சிறு குழந்தையோ ஒரு மிடறு விழுங்கிய பின்னரே முகம் சுளிக்கும். ஒன்று முதல் மூன்று வயது வரை உள்ள பருவமே மிகுந்த எச்சரிக்கைக்கு உரியது என்பது இதனால் விளங்கும்.

வாந்தி எடுக்கச் செய்யலாகாது

குழந்தை மண்ணெண்ணெய் குடித்துவிட்டதென்று கண்டவுடன் வீட்டார் செய்யும் முதற்காரியம் தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்கச் செய்வதே. உப்புநீர் புகட்டுவோரும் உண்டு. அன்பினால் செய்யப்படும் இச்செயலே பல சமயங்களில் குடித்த மண்ணெண்ணெயைவிடக் கேடு விளைவிக்கிறது. இதற்குரிய காரணத்தை ஊழியர்கள் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். காரணம் தெரியாமல் ‘செய்யாதே’ என்று மட்டும் சொன்னால், பதற்றமான வேளையில் அது எவர் நினைவிலும் நிற்பதில்லை.

வயிற்றுக்குள் சென்ற மண்ணெண்ணெய் உடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. வயிற்றில் இருக்கும் வரையில் அதனால் நேரும் தீமையும் குறைவே. மூச்சுக்குழல் வழியே நுரையீரலுக்குள் இறங்குவதுதான் ஆபத்து. அது பிசுபிசுப்பு மிகக் குறைந்த திரவம். பரப்பு இழுவிசையும் குறைந்தது. ஆதலின் ஒரு துளி பட்டால் விரைந்து படர்ந்து, நுண்ணிய வழிகளிலெல்லாம் புகுந்துவிடும். நுரையீரலின் காற்றுநுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. மண்ணெண்ணெய் அதனைக் கெடுக்கவே, அறைகள் சுருங்குகின்றன, அழற்சி தோன்றுகிறது, மூச்சு முட்டுகிறது. இவ்வளவுக்கும் ஒரு மில்லிலிட்டருக்குக் குறைவான அளவே போதும். விழுங்கும்போது தப்பிய நுரையீரல், வாந்தியாக அது மீண்டும் மேலே வரும்போது தப்புவதில்லை. தொண்டையில் மூச்சின் வழியும் உணவின் வழியும் அருகருகே இருப்பதை நினைவிற்கொண்டால் இது எளிதில் புரியும்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் செய்துகாட்டலாம். ஒரு கண்ணாடித் தகட்டைச் சற்றே சாய்த்து வைத்து, அதன் மேல் ஓரத்தில் ஆமணக்கெண்ணெய்த் துளி ஒன்றையும் மண்ணெண்ணெய்த் துளி ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் இடுக. ஆமணக்கெண்ணெய் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்க, மண்ணெண்ணெய் நொடியில் கீழே ஓடி, அகலப் பரவி நிற்கும். ஆசிரியரே தம் கையால், அருகில் தீ ஏதுமின்றிச் செய்யவேண்டிய சோதனை இது. இவ்வாறு கண்ணால் கண்ட மாணவன் அதனை வீட்டில் தன் தாயிடம் கூறாமல் இரான். தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொள்வோர் பல வீடுகளில் இம்மாணவர்களே.

அப்படியானால் செய்யத்தக்கது என்ன? வாயையும் முகத்தையும் துடைக்கவேண்டும். எண்ணெயில் நனைந்த ஆடையைக் களைந்து, உடலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும். ஆடையிலிருந்து எழும் ஆவியை முகர்வதும், தோலில் அது ஊறுவதும் தீங்கே. குழந்தையை நிமிர்த்தி உட்கார வைக்கலாம். தானாகவே வாந்தி எடுத்தால், தலை தாழ்ந்திருக்குமாறு ஒருபுறம் சாய்த்துப் பிடிக்கவேண்டும். பால், மோர், நெய், இளநீர், முட்டை முதலியவற்றைப் புகட்டலாகாது; வயிறு நிரம்பினால் வாந்தியும் எளிதில் வரும். உப்புநீர் தனியே ஒரு நஞ்சு என்றே கொள்ளவேண்டும். அதனால் இரத்தத்தில் உப்பு மிகுந்து வலிப்பு உண்டாகக்கூடும். பின்னர், குடித்த பொருளின் குப்பியுடன் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

அங்கே ‘வயிற்றைக் கழுவவில்லை’ என்று மருத்துவரோடு பூசலிடும் உறவினர்களைக் காணலாம். மேற்கூறிய அதே காரணத்தினால்தான் மண்ணெண்ணெய்க்குப் பொதுவாக வயிறு கழுவுவதில்லை என்பதை ஊழியர் முன்னரே எடுத்துரைத்திருந்தால் அப்பூசல் எழாது. நலமாகத் தோன்றும் குழந்தையையும் குறைந்தது 6 மணி நேரமாவது மருத்துவரின் பார்வையில் வைத்திருத்தல் முறை. குடித்தபோதே இருமினால் சிறிது மூச்சுக்குழலில் இறங்கிவிட்டதென ஐயுறவேண்டும். நுரையீரல் அழற்சியைக் கண்டறிய மூச்சை எண்ணும் பழக்கம் நம் ஊழியர்களுக்கு முன்னமே உண்டு. ஓராண்டு நிறையாத குழந்தைக்கு (இரண்டு மாதத்திற்கு மேல்) நிமிடத்திற்கு 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது விரைந்த மூச்சு. அந்த அளவுகோலையே இங்கும் கொள்ளலாம். தில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் 1995 முதல் இயங்கிவருகிறது. 1800 116 117 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் ஆலோசனை பெறலாம். ஊர்திக்கு 108 அல்லது 112.

அமிலமோ காரமோ கலந்த கழிவறைத் தூய்மைத் திரவங்களுக்கும் ‘வாந்தி கூடாது’ என்ற விதியே பொருந்தும். இறங்கும்போது ஒரு முறை வெந்த உணவுக்குழல் ஏறும்போது இரண்டாம் முறை வேகும். வாயைக் கொப்பளித்துத் துடைப்பது அவசியம். கர்ப்பூரத்தைப் பற்றியும் ஒரு சொல். ஒரு கிராம் அளவே சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகலாம். விழுங்கிய சிறிது நேரத்திலேயே வலிப்பு வரும். பூஜை மாடத்தின் கீழ்த்தட்டு அதனை வைக்கும் இடமன்று.

எண்ணெய்க் கலமும் பூச்சிமருந்துக் கலமும்

2013-ஆம் ஆண்டு ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சாரண் மாவட்டத்தில் கண்டாமன் என்னும் சிற்றூரின் பள்ளியில் நண்பகல் உணவு உண்ட குழந்தைகள் நோயுற்று, அவர்களில் 23 பேர் மாண்டனர். தடய அறிவியல் ஆய்வில், சமைத்த உணவிலும் எண்ணெய் இருந்த கலத்திலும் மோனோகுரோட்டோபாஸ் என்னும் பூச்சிக்கொல்லி கண்டறியப்பட்டது. பாத்திரம் மாறுவதன் கொடுமையை இதனினும் கடுமையாக உணர்த்தும் நிகழ்ச்சி அண்மைக் காலத்தில் இல்லை. பூச்சிமருந்து வந்த கலத்தை எவ்வளவு கழுவினாலும் அது உணவுக்கு உதவாது. துளையிட்டு நசுக்கி, எவரும் எடுத்துப் பயன்படுத்த இயலாதவாறு செய்துவிடவேண்டும். உழவர் வீடுகளில் மூடி இறுகிய நல்ல பிளாஸ்டிக் கலத்தை எறிய மனம் வருவதில்லை. இது சிக்கனத்தினால் வரும் விபத்து. எனவே உழவரைப் பழிப்பதில் பயனில்லை, வேறு கலம் ஒன்று கிடைக்க வழி செய்வதே பயன்.

பூச்சிக்கொல்லி விதிகள், 1971-இன்படி ஒவ்வொரு சிட்டையிலும் ஒரு சாய்சதுரம் அச்சிடப்படுகிறது. அதன் கீழ்ப்பாதியின் நிறம் சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு. அடுத்தடுத்த படிகள் மஞ்சள், நீலம், பச்சை. எழுத்தறியாத தாயும் நிறத்தை அறிவார். ஆனால் பச்சை என்பது தீங்கற்றது என்று பொருள்படாது. நான்கிலும் குறைந்தது என்பது மட்டுமே பொருள். மருந்தைச் சிட்டை உள்ள கலத்திலிருந்து சிறு குப்பிக்கு மாற்றும்போது இந்த அடையாளமும் போய்விடுகிறது. கண்பாவை சுருங்குதல், எச்சில் ஒழுகுதல், மிகுந்த வியர்வை, தசைத் துடிப்பு ஆகியவை இவ்வகைப் பூச்சிமருந்துகள் பலவற்றின் அறிகுறிகள். அட்ரோபின் என்னும் மாற்றுமருந்து உண்டு. ஆகவே மருத்துவமனையை அடைவதில் ஒரு கணமும் தாமதம் கூடாது.

நாமே கொண்டு சேர்க்கும் பொருள்

ஊழியர்கள் சிறப்பாகக் கருதவேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. இரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தின்கீழ்க் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் வழங்கும் இரும்புச்சத்து மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு உள்ளது. அது சிவந்த நிறமுடையது. மேலே சர்க்கரைப் பூச்சும் உண்டு. குழந்தைக்கு மிட்டாயினின்று இதனை வேறுபடுத்தத் தெரியாது. எடையில் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம் இரும்பைத் தாண்டினால் கேடு தொடங்குகிறது. 60-ஐ எட்டினால் உயிருக்கே ஆபத்து. 10 கிலோ எடையுள்ள குழந்தை நான்கு மாத்திரைகளை விழுங்கினாலே மருத்துவமனைக்கு அனுப்பவேண்டும்; பத்து மாத்திரைகள் அபாய எல்லையைத் தொட்டுவிடும். ஒரு மாதத்திற்குரிய 30 மாத்திரைகள் வீட்டில் இருக்கும்போது பத்து என்பது பெரிய எண்ணிக்கை அன்று.

இதில் ஒரு வஞ்சனையும் உண்டு. முதலில் வாந்தியும் பேதியும் கண்ட குழந்தை ஏறத்தாழ 6 மணி நேரத்திற்குப்பின் தெளிந்துவிட்டதுபோல் தோன்றும். வீட்டார் நிம்மதியடைவர். ஆனால் அதற்குள் இரும்பு உறுப்புகளுக்குள் புகுந்துகொண்டிருக்கும்; அடுத்து வருவது அதிர்ச்சி நிலையும் ஈரல் கேடும். ஆகையால் ‘இப்போது நன்றாக இருக்கிறான்’ என்ற சொல்லை நம்பி நிறுத்தலாகாது. மாத்திரை கொடுக்கும்போதே எங்கே வைப்பது என்று கேட்டு, அந்த இடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவது கொடுக்கும் வேலையின் ஒரு பகுதியாகட்டும்.

‘வீட்டில் விஷம் ஏதேனும் உண்டா?’ என்று கேட்டால் எவரும் இல்லையென்றே விடையளிப்பர். ‘கொசுமருந்துக் குப்பியை மாற்றும்போது பழையதை எங்கே வைப்பீர்கள், அம்மா? வயலுக்கு அடிக்கும் மருந்து மீந்தால் எதில் ஊற்றி வைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் உண்மை வெளிப்படும். அதன்பின் தரையில் அமர்ந்து, குழந்தையின் கண்மட்டத்திலிருந்து அறையை ஒருமுறை சுற்றிப் பார்க்கவேண்டும். கட்டிலின் கீழும் தொட்டியின் பின்னும் இருப்பவை அப்போதுதான் புலப்படும். முன்பு விபத்து நேர்ந்த வீடாயின் கடிந்து பேசுதல் தகாது. கடிந்துகொள்ளப்பட்ட தாய் அடுத்த முறை எவ்வளவு குடித்தது, எப்போது குடித்தது என்பதை மறைப்பார். மருத்துவருக்கு வேண்டுவனவோ அவ்விரண்டுமே.

பூட்டிய அலமாரியில் வைக்குமாறு நூல்கள் கூறுகின்றன. ஒற்றை அறைக் குடிசையில் அலமாரிக்கு எங்கே போவது? பாலும் தயிரும் பூனைக்கு எட்டாதிருக்க நம் முன்னோர் கட்டிய உறி இதற்கும் உதவும். கூரையின் விட்டத்தில், கீழே ஏறி நிற்கப் பெட்டியோ மோடாவோ இல்லாத மூலையில் அதனைக் கட்டவேண்டும். வட மாநிலங்களில் ஏழை வீட்டிலும் காணப்படும் பூட்டுள்ள தகரப் பெட்டி மாத்திரைகளுக்குப் போதுமானது. குழந்தை தவழும்போது போதியதாயிருந்த உயரம் அது நடக்கும்போது போதாது. ஆகையால் தடுப்பூசிக்காக அவ்வீட்டிற்குச் செல்லும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை மறுபடி பார்த்து, வேண்டுமாயின் ஒரு முழம் மேலே ஏற்றிக் கட்டச் செய்யலாம்.