மாத்திரையை நிறுத்தியது யார்?

ஸ்ரீராம்புரம், பெங்களூரு

அன்புள்ள பவித்ராவுக்கு,

பி.ஃபார்ம் பயிற்சியில் டிபி (காசநோய்) மருந்து கொடுக்கும் இடத்தில் உன்னை உட்கார வைத்ததும் நோயாளிகள் மேல் கோபம் வந்துவிட்டது. "பாதியில் நிறுத்திவிடுகிறார்கள் மாமா, அக்கறையே இல்லை" என்கிறாய். தவறான ஆள்மேல் கோபப்படுகிறாய், கண்ணு.

நம் பள்ளாரி சாலையிலுள்ள தேசிய காசநோய் நிறுவனத்தின் பானர்ஜியும் ஆண்டர்சனும் துமகூரு மாவட்டக் கிராமங்களில் விசாரித்து 1963-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சளியில் கிருமி இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவர்கள். பெரும்பாலும் இருமல் மருந்தோடு திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அக்கறை அவர்களிடம் இருந்தது, சிகிச்சைதான் கிடைக்கவில்லை.

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இன்னொன்றைக் காட்டியது. நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் வாழ்கிற ஏழைக்கும் ஒழுங்காக மருந்து கொடுத்தால், சானடோரியத்தில் படுத்திருப்பவர் அளவுக்கே குணமாகும்.

வழக்கமான டிபிக்கு ஆறு மாதச் சிகிச்சை. நடுவில் மருந்து விட்டுப்போனால் பிழைத்திருக்கும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறக்கூடும். அப்படியிருக்க, 2024-இல் பல மாநிலங்களில் டிபி மாத்திரைக்கே தட்டுப்பாடு வந்தது. மூன்று மாதத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி மத்திய அரசு மார்ச்சில் மாநிலங்களுக்கு எழுதியது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த ஒரு பெயின்டரிடம் "ஸ்டாக் இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் வராதபோது சிகிச்சையைக் கைவிட்டவர் என்று எழுதுவது நியாயமா?

தட்டுப்பாடு விதியல்ல. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மொத்தமாக டெண்டரில் வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் இருப்பு வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் எடுக்கும் மருந்தைப் பதிய பாஸ்புக் கொடுத்தார்கள். எங்கே எது குறைகிறது என்று முன்கூட்டியே தெரிந்தது. வேறு மாநிலங்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

மருந்தை எட்டாமல் வைக்கும் இன்னொரு பூட்டு காப்புரிமை. மருந்துக்கு அடங்காத டிபிக்கான பெடாகுவிலின் மாத்திரையின் மூலக் காப்புரிமை 2023 ஜூலையில் முடியவிருந்தது. அதன் உப்பு வடிவத்துக்குத் தனிக் காப்புரிமை பெற்று 2027 வரை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் முயன்றது. மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலேயும் 2019-இல் ஆட்சேபம் தெரிவித்தார்கள். டிபி மருந்தின் பக்கவிளைவால் காது கேட்கும் திறனை இழந்தவர்கள் இருவரும். 2023 மார்ச்சில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. மற்ற நிறுவனங்களும் குறைந்த விலையில் அதைத் தயாரிக்க வழி பிறந்தது.

மருந்தாளுநராகப் போகிற உனக்கும் இதில் வேலை இருக்கிறது. இருப்பு தீர்வதற்கு முன்பே மருந்து கேட்டு இன்டென்ட் போடு. காலாவதித் தேதி நெருங்குவதை முதலில் கொடு. ஒருவர் வெறுங்கையோடு திரும்பினால், எந்த மருந்து, எந்தத் தேதி, எத்தனை நாள் இல்லை என்று பதிவேட்டில் எழுதி மேலே அனுப்பு. எழுதாத தட்டுப்பாட்டுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். வராதவரைத் திட்டுமுன் அவர் வீட்டுக்குப் போய் ஏன் வரவில்லை என்று கேள்.

அன்புடன்,
மாமா