எங்கள் வீட்டுப் பின்புறத்தில் ஆண்ட்ரோமீடா



'அண்டம்' பாடம் நடத்தும்போது அறிவியல் டீச்சர் ஒன்று சொன்னாங்க. "நம்ம பால்வெளிக்கு வெளியே இருக்கிற ஆண்ட்ரோமீடா விண்மீன் திரளை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு." அன்னிக்கு ராத்திரியே வீட்டுப் பின்புறம் போய்ப் பார்த்தேன். ஒன்னும் தெரியலை. திருப்பூர் பக்கம் வானம் விடியப்போகிற மாதிரி வெளுத்துக் கிடந்தது. மணி எட்டுதான்!

எங்க அம்மாயி திண்ணையில் இருந்தபடியே சொன்னாங்க: "நான் சின்னப்புள்ளையா இருக்கறப்ப களத்துல படுத்தா, வானத்துல கோலமாவைக் கொட்டி இழுத்தாப்ல ஒரு பட்டை தெரியும் கண்ணு. இப்ப அது எங்க போச்சோ."

அம்மாயி சொன்னது பால்வெளியை. அதுவும் எங்கேயும் போகலை, ஆண்ட்ரோமீடாவும் போகலை. அப்புறம் ஏன் தெரியலை, அதை எப்படிப் படம் பிடிக்கலாம் என்று நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

ஏன் தெரியவில்லை?

தெருவிளக்கு, கம்பெனி விளக்கு, விளம்பர போர்டு எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் வெளிச்சம் மேலே போகிறது. அது காற்றிலும் தூசியிலும் பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. இதுதான் ஒளி மாசு. அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் பார்ட்டில் என்பவர் 2001-இல் இரவு வானத்தை 9 வகுப்பாகப் பிரித்தார். 1 என்றால் நல்ல இருட்டு. 9 என்றால் பெருநகரத்தின் நடுப்பகுதி. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு என்றால் பெருமை, வானத்துக்கு அப்படி இல்லை! நான் பார்த்த வரைக்கும் நம்ம ஊர் 6 அல்லது 7 இருக்கும்.

நட்சத்திரம் ஒரு புள்ளி. அதனால் வெளுத்த வானத்திலும் தெரிகிறது. ஆண்ட்ரோமீடா அப்படி இல்லை. முழுசாகத் தெரிந்தால் அதன் நீளம் ஆறு நிலாவை வரிசையாக வைத்த அளவு இருக்கும். அதன் ஒளி அவ்வளவு இடத்தில் பரவிக் கிடப்பதால் ஓரங்கள் வானத்தின் வெளிச்சத்தில் மூழ்கிவிடும். நடுப்பகுதி மட்டும்தான் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும்.

யோசித்துப் பாருங்கள். 25 லட்சம் வருஷம் பயணம் செய்து வந்த ஒளி. கடைசி 100 கிலோமீட்டர் காற்றைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் 3000-இல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அங்கே வந்துதான் நம்ம விளக்கிடம் தோற்றுப்போகிறது.

பெரிய தொலைநோக்கிக்கும் இதே கஷ்டம்

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்கு மேலே மவுண்ட் வில்சன் என்ற மலை இருக்கிறது. 1923-இல் எட்வின் ஹபிள் அங்கிருந்த 100 அங்குல தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவைப் படம் எடுத்தார். அதில் வெளிச்சம் கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். அதை வைத்துத்தான் ஆண்ட்ரோமீடா பால்வெளிக்கு வெளியே இருக்கும் தனித் திரள் என்பது நிரூபணம் ஆனது.

பிறகு நகரம் வளர்ந்தது, வானமும் வெளுத்தது. இரண்டாம் உலகப்போர் நேரத்தில் தாக்குதல் பயத்தால் அந்த நகரத்தில் விளக்குகளைக் குறைத்தார்கள். 1943-இல் வால்டர் பாடே என்ற விஞ்ஞானி அந்த இருட்டைப் பயன்படுத்திக்கொண்டார். சிவப்பு ஒளியை நன்றாகப் பிடிக்கும் தகடுகளையும் வைத்து, ஆண்ட்ரோமீடாவின் நடுப்பகுதியில் தனித்தனி நட்சத்திரங்களை முதல் முறையாகப் பிரித்துக் காட்டினார். தொலைநோக்கி ஹபிள் பார்த்த அதேதான்.

நமக்குப் போரும் வேண்டாம், ஊரே இருட்டாகவும் வேண்டாம். வேறு வழி இருக்கு.

எண்ணெய்க்கடைத் தராசு

செக்கில் எண்ணெய் வாங்கினால் முதலில் காலிப் பாத்திரத்தை நிறுத்து, அந்த எடையைக் கழித்துவிடுவார்கள். நம்ம ஊர் வானத்தின் வெளிச்சம் பாத்திர எடை மாதிரி. ஆண்ட்ரோமீடாவின் ஒளிதான் எண்ணெய். ஆனால் இங்கே பாத்திரம் பெரிய அண்டா, எண்ணெய் நாலே சொட்டு. போதாததுக்கு தராசு முள்ளும் ஆடிக்கொண்டே இருக்கிறது! ஒரு தடவை நிறுத்தால் எண்ணெய் இருக்கா இல்லையா என்றே சொல்ல முடியாது.

100 தடவை நிறுத்துச் சராசரி எடுத்தால்? முள் சில தடவை மேலே ஆடும், சில தடவை கீழே ஆடும். அந்த ஆட்டம் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். எண்ணெய் மட்டும் எல்லாத் தடவையும் இருக்கும். கேமராவிலும் இதேதான். எத்தனை படம் சேர்க்கிறோமோ, அதன் வர்க்கமூலம் அளவுக்கு ஆட்டம் குறையும். 100 படம் என்றால் பத்தில் ஒரு பங்கு. அதற்குப் பிறகு பாத்திர எடையைக் கழித்தால் எண்ணெய் தெரிந்துவிடும். வானம் பத்து மடங்கு வெளிச்சமாக இருந்தால், அதே தரமான படத்துக்குப் பத்து மடங்கு நேரம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

வடிகட்டிக் கண்ணாடி போட்டால் போதாதா என்று கேட்கலாம். பழைய மஞ்சள் சோடியம் விளக்கின் ஒளி பெரும்பாலும் ஒரே நிறத்தில் இருக்கும், அதை வடிகட்டலாம். இப்போது உள்ள வெள்ளை எல்.இ.டி. விளக்கில் எல்லா நிறமும் இருக்கு. விண்மீன் திரளின் ஒளியும் நட்சத்திரங்களின் ஒளிதானே, அதிலும் எல்லா நிறமும் இருக்கு. ஒன்றைத் தடுத்தால் மற்றதும் போய்விடும்.

நான் செய்தது

அரையாண்டு விடுமுறையில், அமாவாசையை ஒட்டி, மழை விட்ட ராத்திரி. மணி ஏழரை. தலைக்கு மேலே இருந்து கொஞ்சம் மேற்கே சதுரமாக நான்கு நட்சத்திரம் இருக்கும். பூரட்டாதி, உத்திரட்டாதி இரண்டும் சேர்ந்ததுதான் அது. அம்மாயிக்கு அது உடனே தெரிந்தது. "கட்டில்காலாட்ட இருக்குதே அதுதானே" என்றாங்க. அதன் வடகிழக்கு மூலையிலிருந்து கிழக்கே போனால் இரண்டாவதாக வரும் நட்சத்திரம் மிராக். அங்கிருந்து வடக்கே திரும்பி, இரண்டு மங்கல் நட்சத்திரத்தைத் தாண்டினால் ஆண்ட்ரோமீடா இருக்கும் இடம்.

அண்ணனின் போனை இரண்டு செங்கல் நடுவே மேலே பார்க்கச் சாய்த்து வைத்தேன். 'புரோ' முறை, 10 நொடி, ஐ.எஸ்.ஓ. 800. கை பட்டு ஆடாமல் இருக்க டைமர். 10 நொடிக்கு மேல் வைக்கவில்லை. பூமி ஒரு மணிக்கு 15 டிகிரி சுற்றுவதால் நட்சத்திரம் கோடாகிவிடும்.

முதல் நாள் எல்லாப் படமும் வெள்ளைப் புகை. காரணம், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவிளக்கு. "ஒரே ஒரு நாள் அதை அணைக்கச் சொல்லலாமாம்மா?" என்று கேட்டேன். அம்மா பனியன் கம்பெனியில் வேலை செய்றாங்க. கம்பெனி வேன் ஒன்பதரைக்கு மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க. "நான் நடந்து வர்ற வழி அது" என்று மட்டும் சொன்னாங்க. அந்த விளக்கைக் கேட்டு கிராம சபையில் எழுந்து பேசினதே எங்க அம்மாதான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மறுநாள் துணி காயப்போடும் கொடியில் அம்மாயியின் போர்வையைத் தொங்கவிட்டு விளக்கை மறைத்தேன். 144 படம் எடுத்தேன். மொத்தம் 24 நிமிட ஒளி. 144-இன் வர்க்கமூலம் 12. அண்ணன் லேப்டாப்பில் டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருள், நட்சத்திரங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி எல்லாப் படத்தையும் சேர்த்தது. வானத்தின் வெளுப்பைக் கழித்தோம். மிராக்குக்கு வடக்கே, இருக்க வேண்டிய இடத்தில், சாய்ந்த நீளமாக ஒரு வெள்ளைத் தீற்றல்! பெரிதாக்கிப் பார்த்தால் ஒரு அரிசி அளவுதான். தனிப் படத்தில் அது இருந்ததாகவே தெரியலை.

அந்த நேரம் அம்மா வந்தாங்க. "இதுக்கா இந்தப் பனியில உக்காந்திருந்தே?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. வெளியே போய்த் தொங்குகிற போர்வையையும் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க: "அந்த விளக்கு எனக்கும் கண்ணுல அடிக்குது. எதிர்ல இருக்கிற பள்ளமே தெரியறதில்ல. கீழ பாத்து எரிஞ்சா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே."

எனக்கு இது தோன்றவே இல்லை. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்பினால் பாதையும் தெரியும், வானத்துக்குப் போகிற வெளிச்சமும் குறையும். இதையே மனுவாக எழுதியிருக்கிறேன். ஜனவரி 26 கிராம சபையில் அம்மா கொடுப்பாங்க.

நீங்களும் செய்யுங்கள்: உங்கள் தெருவில் பக்கவாட்டில் அல்லது மேலே பார்த்து எரிகிற விளக்கு இருந்தால் கம்பத்தின் எண்ணைக் குறித்து என்னிடம் கொடுங்கள். மனுவில் சேர்த்துக்கொள்கிறேன். படத்தின் பிரதி இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டியிருக்கிறது. பேனாவால் வட்டம் போட்ட இடத்தைப் பாருங்கள், அதுதான் ஆண்ட்ரோமீடா.



- ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி