ஆளைத் தெரிதல்

ஒரு தொழில் எத்துணைப் பெரிதாயினும் அதன் முதற்செயல் தக்க ஆளைத் தெரிதலேயாம். பஞ்சும் நூலும் பொறியும் பொருள் கொடுத்தால் வரும். அவற்றை ஆளும் கையும் கருத்தும் பொருளொன்றால் மட்டும் வாரா. இத்தெரிதலைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கும் வழக்கம் இந்நாளில் உலகெங்கும் பரவி வருகின்றது. விண்ணப்பங்களைப் படித்தல், அவற்றை வரிசைப்படுத்தல், வேண்டாதவரைக் கழித்தல் ஆகிய மூன்றும் அதன் வேலைகளாம். இது நன்றோ தீதோ என்பதனைத் திருப்பூரை அடுத்த திருமுருகன்பூண்டியை நிலைக்களமாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

திருமுருகன்பூண்டி, திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் நெடுஞ்சாலையில் உள்ளது. சுந்தரர் தேவாரம் பெற்ற பழம்பதி; கற்சிற்பிகள் வாழும் ஊர்; பனியன் கம்பெனிகள் சூழ்ந்த ஊருமாம். சிற்பி கல்லைத் தெரியும் முறை நமக்கு ஒரு பாடம் கற்பிக்கின்றது. நிறமும் பருமனும் கண்டமட்டில் அவன் நிறைவுறான். உளியால் தட்டி ஓசையைக் கேட்பான். மணியோசை தருவது ஆண் கல் என்றும், தாளவோசை தருவது பெண் கல் என்றும், ஓசை மழுங்கியது மூன்றாம் வகை என்றும் சிற்பநூல் மரபு வகுக்கின்றது. மூன்றாம் வகையும் எறியப்படுவதன்று, அடித்தளத்திற்கு ஆகும். எனவே, தொட்டு ஆராய்வதும், ஒவ்வொன்றுக்கும் உரிய இடத்தை நாடுவதும் தெரிதலின் இரு கூறுகள் எனலாம்.

இவ்விரண்டனையும் வள்ளுவர் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தமை கருதத்தக்கது. ஆராய்ந்து நம்புதலைக் கூறுவது 51-ஆம் அதிகாரமாகிய தெரிந்து தெளிதல். நம்பியவரை ஏற்ற வினையில் அமர்த்தி ஆளுதலைக் கூறுவது 52-ஆம் அதிகாரமாகிய தெரிந்து வினையாடல். வேலையிற் சேர்த்துக்கொண்ட அன்றே தெரிதல் முடிந்துவிடுவதில்லை என்பது இவ்வமைப்பாற் பெறப்படும்.

நிற்க. பனியன் கம்பெனிகளில் ஆளெடுக்கும் முறை எத்தகையது? டெய்லர், செக்கிங், பேக்கிங், ஹெல்பர் தேவை என்னும் பலகை வாயிலில் தொங்கும். வருபவரிடம் பெரும்பாலும் விண்ணப்பத்தாள் இராது. ஓவர்லாக் தெரியும் என்பாரை அப்பொறியில் அமர்த்தித் துணியைக் கொடுத்துத் தைக்கச் சொல்வர். நூல் கோக்கும் விதமும், துணியை இழுக்காமல் செலுத்தும் விரலும், தையலின் நேர்மையும் சிறிது நேரத்தில் அவர் யார் என்று காட்டிவிடும். எழுத்தறியாதவரும், பீகாரிலும் ஒடிசாவிலும் இருந்து வந்து தமிழறியாதவரும் இத்தேர்வில் வெல்லுதல் கூடும். கை பேசுமிடத்துத் தாள் வேண்டுவதில்லை அன்றோ?

இனிப் பொறியின் தேர்வைக் காண்போம். அமேசான் நிறுவனம் 2014-ஆம் ஆண்டு முதல் விண்ணப்பங்களை மதிப்பிடும் பொறியொன்றை அமைக்க முயன்றது. முந்திய பத்தாண்டுகளில் தனக்கு வந்த விண்ணப்பங்களையே அதற்குப் பாடநூலாக வைத்தது. அவற்றுட் பெரும்பாலன ஆடவருடையவை. ஆதலின், ஆடவரே தக்கார் என்று பொறி கற்றுக்கொண்டது. மகளிர் என்னும் பொருளுடைய சொல் விண்ணப்பத்தில் வரின் மதிப்பைக் குறைத்தது. மகளிர் கல்லூரிகள் இரண்டிற் பயின்றோரைத் தாழ்த்தியது. திருத்திப் பார்த்தும் நம்பிக்கை பிறவாமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. 2018-ஆம் ஆண்டு அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இதனை உலகுக்கு அறிவித்தது.

இதன் காரணம் எளிது. பொறி அறிந்தது நேற்று ஒன்றே. நேற்றுச் சேர்க்கப்பட்டவரைப் போன்றாரையே அது இன்றும் நாடும். திருப்பூரின் வரலாறோ இதற்கு மாறானது. டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாய்ச் சேர்ந்து, தாமே டெய்லராகி, பின்னர்க் கம்பெனி முதலாளியாய் உயர்ந்தோர் அவ்வூரில் பலர். பழைய முதலாளிகளின் பட்டியலை மட்டும் படித்த பொறி, அக்கைமடியின் பெயரை ஒருநாளும் எடுத்திராது.

அங்ஙனமாயின் மனிதர் செய்யும் தேர்வெல்லாம் நன்றோ எனின், அன்று. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகள் சிலவற்றில் சுமங்கலித் திட்டம் என்னும் பெயரால் நிகழ்ந்ததனை நாம் மறத்தலாகாது. சிற்றூர்களின் ஏழைப் பெண்களைத் தரகர் அழைத்து வந்தனர். மூன்றாண்டு உழைத்தால் திருமணச் செலவுக்கு ஒரு தொகை கிட்டும் என்பது அவர் வாக்கு. இடையில் நோயுற்று விலகினோர் பலருக்கு அத்தொகை கிட்டவில்லை. அங்கே ஆளெடுத்தவர் மனிதரே. ஆயினும் எடுக்கப்பட்டவர் கையெண்ணிக்கையாகவே கருதப்பட்டார். ஆகவே குற்றம் இரும்பில் மட்டும் இல்லை. ஆளை ஆளாகக் காணாத கண்ணிலும் உண்டு. அக்கண்ணின் பழக்கத்தையே பாடமாகக் கொள்ளும் பொறி, அக்குற்றத்தை விரைவாகவும் பெருந்தொகையாகவும் செய்யும். இதுவே நாம் அஞ்சத்தக்கது.

நல்வழிக்கும் சான்று நம் நாட்டிலேயே உண்டு. ஸ்ரீதர் வேம்பு அவர்கள் தலைமையில் வளர்ந்த ஸோஹோ நிறுவனம், பட்டம் ஒன்றே தகுதி என்னும் கொள்கையை ஏற்காது, பள்ளிப் படிப்பும் டிப்ளமோவும் முடித்த இளைஞரைத் தேர்ந்து, கட்டணம் பெறாமல் உதவித்தொகையும் அளித்துப் பயிற்றும் பள்ளியை நடத்தி வருகின்றது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அலுவலகம் அமைத்து, சிற்றூர் இளைஞர் இருக்குமிடத்திற்கே வேலையைக் கொண்டு சென்றது. கணினித் தொழிலையே செய்யும் நிறுவனம், ஆளைத் தெரியும்போது தாளை நோக்காது கற்கும் ஆற்றலை நோக்கியமை சிந்திக்கத்தக்கது.

இவற்றால், ஆளெடுக்கும் தலைவர்க்குரிய கடமைகள் மூன்று என்று துணியலாம். முதலாவது, கூலி, நேரம், தங்குமிடம் ஆகியவற்றை வருபவர் மொழியில் விளங்கச் சொல்லுதல். பிறமொழியைப் பெயர்த்துரைக்கும் அறிவுப்பொறி இங்கே நல்ல துணையாம். இரண்டாவது, வேலையைச் செய்ய வைத்துக் காணுதல். மூன்றாவது, மறுக்கப்பட்டவர் காரணம் கேட்பின் விடைகூறத் தாமே முன்னிற்றல். மூவாயிரம் விண்ணப்பங்களை அடுக்கித் தருவது பொறியின் வேலையாகலாம். ‘நீர் வேண்டா’ என்னும் சொல் மட்டும், அதற்குப் பொறுப்பேற்கும் ஒரு மனிதர் வாயினின்றே பிறத்தல் வேண்டும். பொறியைக் கேள்வி கேட்கவும் இயலாது. அது வெட்கப்படவும் அறியாது.

சட்டங்களும் இந்நெறியை நோக்கி நகர்கின்றன. நியூயார்க் நகரில் 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல், ஆட்தேர்வுப் பொறிகள் ஒருதலைச் சார்பு உடையனவோ எனத் தணிக்கை செய்யப்படல் வேண்டும் என்னும் விதி நடைமுறையில் உள்ளது. ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் இயற்றிய சட்டமும் ஆட்தேர்வுப் பொறிகளைப் பெருந்தீங்கு விளைக்கக் கூடியவற்றுள் ஒன்றாக வைத்துள்ளது.

உடன் பயிலும் நண்பர்களே! சிறிது காலத்தில் நம் விண்ணப்பங்களும் இத்தகைய பொறிகளின் முன் நிற்கும். அதற்கு அஞ்சி, பொறி விரும்பும் சொற்களைப் பொறுக்கி அடுக்குவதிலேயே நம் கல்வியைச் செலவிடுதல் வீண். செய்து காட்டத்தக்க ஒரு திறனையேனும் கைவரப் பெறுதல் நன்று. பின்னொரு காலத்தில் நம்முட் சிலர் ஆளெடுக்கும் நாற்காலியிலும் அமர்வர். அன்று எதிரே நிற்பவர் தமிழறியாத தொழிலாளியாயினும், முதன்முதல் ஊர்விட்டு வந்த பெண்ணாயினும், ‘அமருங்கள், செய்து காட்டுங்கள்’ என்று சொல்லும் பொறுமை நமக்கு இருத்தல் வேண்டும். அப்பொறுமை உள்ளவரிடத்து எப்பொறியும் நல்ல ஏவலாளாகவே நிற்கும்.